ஆக்கியோனும் ஆடுவோரும்: ‘மெலே’ விளையாட்டின் நிலைபேறு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலத்திரனியல் விளையாட்டுகளின் ஆயுள் பொதுவாகக் குறுகியது. ஒரு பொறி சந்தைக்கு வருகின்றது. அதற்கென விளையாட்டுகள் ஆக்கப்படுகின்றன. ஐந்தாறு ஆண்டுகளில் அதனினும் வலிய பொறி வந்து முன்னையதை ஒதுக்கிவிடுகின்றது. பழைய விளையாட்டு சேகரிப்போரின் அலுமாரிக்கு உரியதாகின்றது. இத்தொழிலின் பொருளியல் நியதியே இதுவெனலாம். இந்நியதிக்கு விலக்காக அமைந்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்று, 2001ஆம் ஆண்டு நவெம்பர் 21ஆந் திகதி யப்பானில் வெளியான ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே’ ஆகும். நின்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம்கியூப்’ என்னும் பொறிக்கென ஆக்கப்பட்ட இச்சண்டை விளையாட்டு, அப்பொறியின் உற்பத்தி 2007இல் நின்றுபோன பின்னரும் பெரும் போட்டிகளில் ஆடப்பட்டு வருகின்றது.

இதற்குப் பழமையின் மீதான ஏக்கமே காரணம் எனக் கூறிவிடுவது எளிது. ஆயின் இன்று இவ்விளையாட்டின் முன்னணியில் நிற்போருட் பலர், அது வெளியான காலத்திற் சிறு பிள்ளைகளாயிருந்தவர். தாம் அறியாத ஒரு காலத்துக்காக எவரும் ஏங்குவதில்லை. எனவே விடையை வேறிடத்திலேயே தேடுதல் வேண்டும்.

‘மெலே’யின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு, அதற்கு முந்திய தசாப்தத்தின் சண்டை விளையாட்டுகளைச் சிறிது நோக்குதல் தகும். 1991இல் வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைற்றர் 2’ இவ்வகைக்கு ஓர் இலக்கணத்தை வகுத்துக் கொடுத்தது. இருவர் எதிரெதிரே நிற்பர். ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்க்கோடு உண்டு. அக்கோடு தேய்ந்து முடியின் தோல்வி. வலிய அடிகளைப் பிரயோகிப்பதற்குத் திசைக்கோலையும் பொத்தான்களையும் குறித்த ஒழுங்கிற் பிழையின்றி இயக்குதல் வேண்டும். காலஞ்செல்ல இவ்வொழுங்குகள் சிக்கலடைந்து, பயிற்சியற்றோர் அணுகவியலாத ஒரு துறையாக இது மாறிற்று.

இந்நிலையை மாற்ற விரும்பியவர் மசாஹிரோ சகுராய். யப்பானின் ஹால் லபோரட்டரி நிறுவனத்திற் பணியாற்றிய அவர், பொது விளையாட்டுக்கூடமொன்றில் ‘கிங் ஒஃப் ஃபைற்றேர்ஸ் 95’ ஆடியபோது எதிரே அமர்ந்தவரை இலகுவாக வீழ்த்தினார் என்றும், அப்புறத்தில் இருந்தோர் ஆட்டத்துக்குப் புதிய ஓர் இணையர் எனக் கண்டு வருந்தினார் என்றும் அவரே கூறியுள்ளார். புதியவரும் தேர்ந்தவரும் ஒருங்கமர்ந்து ஆடத்தக்க ஒன்றை அவர் திட்டமிட்டார். நிரலாக்கத்தை மேற்கொண்டவர் அப்பொழுது அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த சதோரு இவாட்டா. பின்னாளில் நின்டெண்டோவுக்கே தலைவரானவர் இவர்தாம். வார இறுதிகளிலே உருவான அந்த மாதிரியாட்டத்தில், மாரியோ, டொங்கி கொங் போன்ற நின்டெண்டோவின் புகழ்பெற்ற பாத்திரங்களை, அந்நிறுவனத்தின் அனுமதியைப் பெறாமலே சகுராய் முதலிற் சேர்த்துக்கொண்டார். அனுமதி பின்னரே கிடைத்தது. இச்செய்தியை மனத்திற் கொள்ளுதல் நன்று. பிற்காலத்து வழக்குகளை நோக்கும்போது இது நினைவுக்கு வரும்.

1999 சனவரியில் வெளிவந்த முதலாவது ஆட்டத்தின் வெற்றியே ‘மெலே’க்கு வழிவகுத்தது. இவ்விரண்டிலும் உயிர்க்கோடு இல்லை. அடிபடுந்தோறும் பாத்திரத்தின் மீது நூற்றுவீதக் கணக்கொன்று ஏறுகின்றது. கணக்கு ஏற ஏற அடுத்த அடி அதனை மேலும் தூரத்துக்கு எறிகின்றது. மேடையின் எல்லைக்கு அப்பால் வீசப்பட்டு மீளமுடியாது போயின் ஓர் உயிர் இழக்கப்படும். நுணுக்கமான கட்டளை ஒழுங்குகள் எவையும் தேவையில்லை. ஒரு திசையும் ஒரு பொத்தானும் போதும். நால்வர் ஒரே திரையில் ஆடலாம்; வானிலிருந்து விழும் கருவிகளைப் பொறுக்கி ஒருவரையொருவர் தாக்கலாம். ஒரு கூடத்திற் கூடியிருந்து சிரிப்பதற்கென ஆக்கப்பட்ட பண்டம் அது.

இரண்டாவது ஆட்டம் 13 மாதங்களில் முடிக்கப்பட்டது. ஓய்வென்பதே இல்லாத அந்த வாழ்க்கை தம்மை அழிக்குந் தன்மையதாயிருந்தது எனச் சகுராய் பின்னர் குறிப்பிட்டுள்ளார். இறுதிக் கட்டத்திற் பிழைகள் மலிந்திருந்தமையால், அப்போது நின்டெண்டோவுக்குச் சென்றுவிட்ட இவாட்டா மீண்டும் வந்து மூன்று வாரங்கள் இருந்து அவற்றைக் களைய உதவினார். இத்தகைய அவசரத்தில் உருவான ஓர் ஆக்கத்துக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. ‘கேம்கியூப்’பிற்கென வெளிவந்தவற்றுள் மிக அதிகம் விற்பனையானது இதுவே.

விற்பனைப் புள்ளிகள் ஒரு பண்டத்தின் பரவலைக் காட்டுமேயன்றி அதன் நிலைபேற்றை விளக்கா. அதனை விளக்குவது ஆட்டத்தின் உள்ளியல்பு. ‘மெலே’ ஒரு செக்கனுக்கு 60 சட்டகங்களாக இயங்குவது. பாத்திரத்தின் ஒவ்வோர் அசைவும் இத்தனை சட்டகம் என வரையறுக்கப்பட்டது. வானிலிருந்து அடித்தபடி தரையிறங்கும் பாத்திரம் சிறிது நேரம் செயலற்று நிற்கும்; தரை தொடுவதற்கு முந்திய ஏழு சட்டகங்களுள் கேடயப் பொத்தானை அழுத்தின் அந்நேரம் பாதியாகக் குறையும். இதனை ஆடுவோர் ‘எல்-கான்சல்’ என்பர். அவ்வாறே, அந்தரத்தில் அடியைத் தவிர்ப்பதற்கென அமைந்த அசைவைத் தரையை நோக்கிச் சாய்வாகச் செலுத்தினால், பாத்திரம் நின்ற நிலையிலேயே பனிமீது வழுக்குவது போல நகரும். இது ‘வேவ்டாஷ்’ எனப் பெயர் பெற்றது. நகரும்போதும் நிற்பதற்குரிய அடிகள் அனைத்தையும் அடிக்கலாம் என்பதே இதன் பயன். இவற்றைக் கைவரப் பெற்றவனது ஆட்டமும், கூடத்தில் அமர்ந்து சிரித்தாடும் சிறுவனது ஆட்டமும் ஒரே விளையாட்டெனக் காண்போர் நம்புவது கடினம்.

இவை யாவும் ஆக்கியோர் அறியாது நேர்ந்த வழுக்கள் எனப் பலர் எழுதுவர். இக்கூற்று முழுவதும் ஏற்புடையதன்று. தரையிறக்கத் தாமதத்தைக் குறைக்கும் வழி முதலாவது ஆட்டத்திலேயே வேண்டுமென்று வைக்கப்பட்டதொன்று. வழுக்கு நகர்வையும் ஆக்கக் காலத்திலேயே கண்டிருந்ததாகச் சகுராய் பின்னொரு நேர்காணலிற் கூறினார். ஆக்கியோர் கண்டும் விட்டுவைத்த ஒரு சிறு வாயிலின் வழியே, ஆடுவோர் அவர்கள் எண்ணியிராத ஒரு நாட்டிற்குட் புகுந்தனர் என்பதே பொருத்தம். அந்நாட்டின் பரப்பை அளந்தறிந்தோர் ஆடுவோரே. அந்தவகையில் ‘மெலே’யின் இணையாசிரியர் என்னும் உரிமை அவர்க்கு உண்டு.

அளக்கும் பணி ஐக்கிய அமெரிக்காவில் 2002 முதலே தொடங்கிற்று. கலிபோர்னியாவில் ‘டூர்னமென்ட் கோ’ என்னும் பெயரில் வீட்டளவிலான போட்டிகள் நடைபெற்றன. கருவிகள் விழுவது நிறுத்தப்பட்டது. இடர் மிகுந்த மேடைகள் விலக்கப்பட்டன. நால்வர் ஆட்டம் இருவர் ஆட்டமாயிற்று. நிறுவனம் வழங்காத விதிமுறையை ஆடுவோர் தாமே இயற்றிக்கொண்டனர். கிராமத்துப் பந்தாட்டங்களுக்குப் பின்னாளில் எழுத்துவடிவ விதிகள் அமைந்த வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அக்காலப் பகுதியில் எவராலும் எளிதில் வெல்லப்படாதவராக விளங்கியவர் கென் ஹொங். 2004 தொடக்கம் 2006 வரை ‘மேஜர் லீக் கேமிங்’ என்னும் அமைப்பு இவ்வாட்டத்தைத் தன் சுற்றுக்களில் நடத்தியது. பின்னர் கைவிட்டது.

2008இல் மூன்றாவது ஆட்டமான ‘பிரோல்’ வெளியாயிற்று. ‘மெலே’ தேர்ந்தவர் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டது என்னும் எண்ணம் சகுராய்க்கு இருந்தது. சண்டை விளையாட்டுகளின் தனிக்குழு மனப்பாங்குக்கு மறுமொழியாகத் தாம் தொடங்கிய ஒன்று அதே குழுவுக்கே உரியதாகிவிட்டதென அவர் வருந்தி எழுதியதும் உண்டு. எனவே புதிய ஆட்டம் வேகங் குறைக்கப்பட்டது. மேற்கூறிய நுட்பங்கள் அகற்றப்பட்டன. ஓடத் தொடங்கும் பாத்திரம் எக்காரணமுமின்றித் தடுக்கி விழும் நிகழ்தகவு கூடச் சேர்க்கப்பட்டது! சகுராயின் நோக்கம் நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஏழாண்டுகள் பயின்ற கைத்திறனை ஓர் அறிவித்தலால் இல்லாதொழிக்க இயலாது. போட்டிகள் பலவும் புதியதற்கு மாறியபோதும், ஒரு சிறுபான்மையினர் பழையதிலேயே தங்கினர். 2009இல் கலிபோர்னியாவில் நடைபெற்ற ‘ஜெனசிஸ்’ போட்டிக்குச் சுவீடனிலிருந்து வந்த அடம் லின்ட்கிரென் என்பவர், அமெரிக்கரான ஜோசப் மார்க்கெஸுடன் இறுதியில் மோதினார். ‘ஆர்மாடா’, ‘மாங்கோ’ என்னும் புனைபெயர்களாலேயே இவர்கள் அறியப்படுவர். மரித்துப்போனதாகக் கருதப்பட்ட ஆட்டத்திற் புதுக்குருதி பாய்ந்தது அப்போட்டியினாலேயே.

2013ஆம் ஆண்டு தனித்து நோக்கப்பட வேண்டியது. லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘ஈவோ’ பெருவிழாவில் எஞ்சியிருந்த ஓரிடத்துக்கு எவ்விளையாட்டைச் சேர்ப்பது என்பதை, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான நன்கொடை மூலம் தீர்மானிப்பதென அமைப்பாளர் அறிவித்தனர். ‘மெலே’ ஆதரவாளர் 94,000 டொலருக்கும் அதிகமாகத் திரட்டி முதலிடம் பெற்றனர். விழாவுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், ஆட்டத்தை இணையத்தில் ஒளிபரப்பக் கூடாதென நின்டெண்டோ தடுத்தது. எழுந்த எதிர்ப்பின் விளைவாக அன்றைய தினமே அத்தடை நீக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு பழைமையான ஒரு விளையாட்டுக்கு 700 பேர் அளவிற் போட்டியிட்டனர், மார்க்கெஸ் வென்றார். 2016இல் அதே விழாவில் இவ்வாட்டத்துக்குப் பதிந்தோர் தொகை 2,300ஐத் தாண்டிற்று.

இவ்வளர்ச்சிக்குப் பின்னணியில் ஒரு பொருண்மைச் சிக்கல் இருந்ததை வெளியார் அறியார். தட்டையான புதுவகைத் தொலைக்காட்சிகள் படத்தைத் திரைக்குக் கொண்டுவரச் சிறிது தாமதிக்கும். படம் பார்ப்போர்க்கு அது தெரியாது. செக்கனின் அறுபதிலொரு கூற்றை எண்ணி ஆடுவோனுக்கோ அது பெருந்தடை. ஆகவே உலகம் கைவிட்ட, கனத்த கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளையே இவர்கள் நாடினர். தெருவோரத்தில் எறியப்பட்டவற்றைச் சேகரித்துப் பழுதுபார்த்தனர். பெரும் போட்டிகளுக்கு அவற்றை நூற்றுக்கணக்கிற் சுமந்து சென்றனர். அவற்றை ஆக்குவோர் இப்போது இல்லை. மனிதக் கைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஓயாத விரலசைவினால் மணிக்கட்டு நோவுற்று ஆட்டத்தை நிறுத்தியோர் பலர்; திசைக்கோலுக்குப் பதிலாகப் பொத்தான்கள் மட்டுங் கொண்ட பெட்டிவடிவக் கருவிகள் இக்காரணத்தினாலேயே தோன்றின. அக்கருவிகள் நியாயமானவையா என்னும் விவாதமும் கூடவே தோன்றிற்று.

2020இற் பெருந்தொற்று மக்களை வீட்டினுள் அடைத்தபோது, அவ்வாண்டு யூனில் ‘ஸ்லிப்பி’ என்னும் மென்பொருளின் புதிய வடிவம் வெளியாயிற்று. ஆடுவோருள் ஒருவர் ஆக்கியது அது. கணனியில் ‘கேம்கியூப்’பைப் போலச் செயற்படும் நிரலொன்றுடன் இணைந்து, தொலைவிலுள்ள இருவரை ஏறத்தாழத் தாமதமின்றி ஆடச்செய்தது. எதிராளியின் அடுத்த அசைவை முன்னூகித்துக் காட்டி, ஊகம் பிழைத்தவிடத்துப் பின்னோக்கிச் சென்று திருத்துவது அதன் முறை. இதனைக் கொண்டு நடைபெறவிருந்த ‘பிக் ஹவுஸ்’ போட்டியை அவ்வாண்டு நவெம்பரில் நின்டெண்டோ சட்ட அறிவித்தல் மூலம் நிறுத்தியது. சட்டவிரோதமாகப் பிரதிசெய்யப்பட்ட வடிவங்கள் தேவைப்படுகின்றன என்பது அதன் வாதம். சட்ட நோக்கில் இவ்வாதத்தை மறுத்தல் அரிது. எனினும் அந்நிறுவனம் விற்கவுமில்லாத, வேறெந்த வழியாலும் இணையத்தில் ஆட வாய்ப்பளிக்கவுமில்லாத ஓர் ஆட்டம் அது. அனுமதி பெறாது எடுத்தாளப்பட்ட பாத்திரங்களிலிருந்தே இத்தொடர் முளைத்தது என்பதையும் இவ்விடத்தில் மறத்தலாகாது. 2023 ஒக்டோபரில் வெளியான விதிமுறைகளின்படி, உரிமம் பெறாது நேரில் நடத்தும் போட்டியொன்றில் 200 பேருக்கு மேற் பங்குபற்றலாகாது. அவ்வாறிருந்தும் 2024 பெப்ரவரியிற் சான் ஹோசே நகரில் ‘ஜெனசிஸ்’ நடைபெற்றது. ‘மெலே’யும் அங்கு ஆடப்பட்டது.

சட்டத்தால் நிறுத்தமுடியாத ஆட்டம் சலிப்பினால் நின்றுபோகலாம். அது ஏன் நிகழவில்லை என்பதற்கு யொஷி என்னும் பாத்திரமே தக்க சான்று. தொடக்க காலத்தில் வலிமைப் பட்டியல்களின் கீழ்ப்புறத்திலே யொஷி வைக்கப்பட்டது. ஏனைய பாத்திரங்களைப் போல அது தன் கேடயத்திலிருந்து நேரே தாவ முடியாது. மேடைக்கு வெளியே வீழ்ந்தால் மேலெழும்புதற்குரிய மூன்றாவது வழியும் அதற்கில்லை. ஆனால் அதன் இரண்டாந் தாவலின்போது அடி வாங்கினும் அது நிலைகுலையாது. கேடயம் விரியும் முதற்கணத்தில் அடியைத் தட்டிவிட்டு உடனே திருப்பித் தாக்கவும் முடியும். இவ்வியல்புகள் 2001ஆம் ஆண்டின் இறுவட்டிலேயே இருந்தன. தொடக்கத்துச் சிறு திருத்தப் பதிப்புகளின் பின்னர் அவ்வட்டில் ஓரெழுத்தும் மாற்றப்படவில்லை. யப்பானியரான ‘அம்சா’ என்பவர் பிறர் கைவிட்ட இப்பாத்திரத்தையே ஆண்டுக்கணக்கிற் பயின்றார். 2022 ஒக்டோபரில் மிச்சிகனில் நடைபெற்ற பத்தாவது ‘பிக் ஹவுஸ்’ போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். அப்போது ஆட்டத்தின் வயது ஏறத்தாழ இருபத்தொன்று.