பெட்டிக்குள் ஒரு சீருடை: படைத்தலைவர்களின் பதவிநிலை பற்றிச் சில குறிப்புகள்

1944 ஜூலை 20 அன்று பெர்லினில் இருந்த படைத் தலைமையகத்திற்குள் எரிக் ஹோப்னர் நுழைந்தபோது அவர் கையில் ஒரு பெட்டி இருந்தது. அதனுள்ளே அவருடைய பழைய ஜெனரல் சீருடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஹிட்லரைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றும் திட்டத்தில், உள்நாட்டுச் சேமப்படையின் தலைமையை ஏற்கவேண்டிய பொறுப்பு அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அச்சீருடையை அணிந்து வீதியில் நடக்க அவருக்கு உரிமை இல்லை. தலைமையகத்தின் கழிப்பறையில்தான் அவர் உடை மாற்றிக்கொண்டார்.

உரிமை ஏன் பறிபோயிற்று? 1942 ஜனவரியில் மாஸ்கோவின் முன்னே பனியில் சிக்கிய தம் படைகளை, ஹிட்லரின் அனுமதிக்குக் காத்திராமல் பின்வாங்கச் செய்தார். அது ஒன்றே குற்றம். சேவையிலிருந்து நீக்கப்பட்டார், சீருடையும் ஓய்வூதியமும் மறுக்கப்பட்டன. வியப்புக்குரிய செய்தி, அவர் ஜெர்மானிய அரசின்மீதே வழக்குத் தொடுத்து ஓய்வூதிய உரிமையை மீட்டார் என்பது. அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று, எவரையும் எந்தச் சட்ட உரிமையையும் பொருட்படுத்தாமல் பதவி நீக்கும் அதிகாரத்தை ஹிட்லருக்கு வழங்கி ஜெர்மானிய நாடாளுமன்றம் தீர்மானம் இயற்றியது.

சதி தோற்றபின் நிகழ்ந்ததையும் பார்க்கவேண்டும். படையினரை விசாரிக்கும் உரிமை படைத்துறை நீதிமன்றத்திற்கே இருந்தது. ஆகவே கைட்டல், ருண்ட்ஸ்டெட், குடேரியன் முதலியோர் அமர்ந்த 'மானமன்றம்' ஒன்று அமைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களை அழைத்துக் கேளாமலே, ஃபீல்ட் மார்ஷல் விட்ஸ்லேபன் உள்ளிட்டோரை 1944 ஆகஸ்ட் 4 அன்று அது படையிலிருந்து விலக்கியது. ஹோப்னரோ முன்பே விலக்கப்பட்டவர். பதவிநிலை என்னும் கவசம் கழன்றதும் அவர்கள் 'மக்கள் நீதிமன்றத்தின்' முன் நிறுத்தப்பட்டனர். ஆகஸ்ட் 8 அன்று ஹோப்னரும் விட்ஸ்லேபனும் தூக்கிலிடப்பட்டனர்.

ஓய்வுபெற்ற அல்லது விலக்கப்பட்ட படையதிகாரி பிற்காலத்தில் தவறிழைத்தால் அவருடைய பதவிநிலையைப் பறிக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெட்டி நினைவுக்கு வருகிறது. பறிக்கலாம் என்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 'ஜெனரல்' என்ற முன்னொட்டு ஓய்வுக்குப் பின்னும் சமூகத்தில் செல்லுபடியாகும் நாணயம். அதை முன்வைத்து ஒருவர் மோசடி செய்தால் படையின் மானமே விலை போகிறது. அந்நாணயத்தைத் திரும்பப் பெறும் உரிமை அரசுக்கு உண்டு என்பது அவர்கள் கட்சி. ஆனால் 'தவறு' எது என்று வரையறுப்பவர் யார்?

அமெரிக்காவில் ஹூப்பர் வழக்கு என்று ஒன்று உண்டு. 1948இல் ஓய்வுபெற்ற கடற்படை ரியர் அட்மிரல் ஒருவர், ஓய்வுக்குப் பின் தம் தனிவாழ்வில் கொண்ட தன்பால் உறவுக்காக 1957இல் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். ஓய்வூதியம் பெறுபவர் படையின் உறுப்பினரே என்று கூறி, 1958இல் படைத்துறை மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விசாரணை செல்லும் என்றது. பதவிநிலையும் ஊதியமும் போயின. இத்தகைய உறவைக் குற்றமாக்கிய சட்டங்கள் செல்லா என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. 2011 முதல் தன்பால் உறவாளர்கள் அந்நாட்டுப் படைகளில் வெளிப்படையாகவே பணியாற்றலாயினர். எவருக்கும் தீங்கு செய்யாத ஒருவரின் பதவிநிலையை, ஒரு காலத்தின் ஒவ்வாமை பறித்துக்கொண்டது.

தமிழர்களுக்கு நெருக்கமான சான்று இலங்கையில் உள்ளது. 2009 மே மாதத்தில் முடிந்த போரை இராணுவத் தளபதியாக நடத்திய சரத் பொன்சேகா, அவ்வாண்டு நவம்பரில் ஓய்வுபெற்றார். 2010 ஜனவரி 26 அன்று மகிந்த ராஜபக்சவை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். பிப்ரவரி 8 அன்று கைதானார். சீருடையில் இருந்தபோதே அரசியலில் ஈடுபட்டார் என்று கண்ட இராணுவ நீதிமன்றம், ஆகஸ்டில் அவருடைய பதவிநிலை, பதக்கங்கள், ஓய்வூதியம் அனைத்தையும் பறித்தது. ஆட்சி மாறியது. 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன அவற்றைத் திருப்பியளித்தார். மார்ச் 22 அன்று அவர் ஃபீல்ட் மார்ஷலாகவே உயர்த்தப்பட்டார்.

இதில் நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. வன்னியில் 2009இன் முதல் மாதங்களில் மருத்துவமனைகள்மீதும் பாதுகாப்பு வலயங்கள்மீதும் குண்டுகள் விழுந்தன. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று 2011இல் குறிப்பிட்டது. பொன்சேகாவின் பதவிநிலையைப் பறித்த ஆணையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருப்பியளித்த ஆணையிலும் இல்லை. பறித்தவருக்கும் அளித்தவருக்கும் அவர் யாருடைய பக்கம் என்பதே கேள்வியாயிருந்தது.

ஹோப்னரிடம் திரும்புவோம். சோவியத் படையெடுப்புக்கு முன், 1941 மே மாதத்தில், அப்போர் முன்னெப்போதும் இல்லாத கடுமையோடும், எதிரியை இரக்கமின்றி முற்றாக அழிக்கும் நோக்கோடும் நடத்தப்பட வேண்டும் என்று தம் படைகளுக்கு ஆணையிட்டவர் அவர். அந்த ஆணைக்காக அவருடைய தோளிலிருந்து எந்தச் சின்னமும் கழற்றப்படவில்லை. தம் வீரர்களைக் காக்கப் பின்வாங்கியதற்காகவே கழற்றப்பட்டது.

இம்மூன்று நிகழ்ச்சிகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பதவிநிலையைப் பறிக்கும் அதிகாரம் ஆட்சியாளர் கையில் அல்லது அவருக்குக் கட்டுப்பட்ட மன்றத்தின் கையில் இருக்கும்போது, அது மக்களுக்கு இழைத்த தீங்கை அளப்பதில்லை. அதிகாரத்திற்குச் செய்த அவமதிப்பையோ, அக்காலத்தின் வெறுப்பையோ மட்டுமே அளக்கிறது.

இந்தியாவின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் இதில் ஓரளவு நிதானமாக எழுதப்பட்டுள்ளது. பணியில் இருந்தபோது செய்த குற்றத்திற்கு, ஓய்வுபெற்ற மூன்றாண்டுக்குள் விசாரணையைத் தொடங்கலாம். சில பெருங்குற்றங்களுக்கு மட்டும் அவ்வரம்பு இல்லை. ஓய்வுக்குப் பின் குடிமகனாக ஒருவர் செய்வதற்குப் பொது நீதிமன்றமே உண்டு. இதுவே சரியான பிரிவினை என்று கருதுகிறேன். ஓய்வுபெற்றவர் திருடினால் திருடனாகத் தண்டிக்கப்படட்டும். பதவிப் பெயரைக் காட்டியே ஏமாற்றினார் என்று பொது நீதிமன்றம் கண்டால், அப்பெயரைப் பயன்படுத்தத் தடை விதிப்பதும் அந்நீதிமன்றத்தின் வேலையாகட்டும். அமைச்சரின் கையெழுத்தில் அது நிகழக்கூடாது.

பணியில் இருந்தபோது பொதுமக்களைக் கொன்றவர் என்று முறையான விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டவரின் பதவிநிலைதான் முதலில் பறிக்கப்பட வேண்டியது. அதற்குக் கால வரம்பும் கூடாது. வரலாற்றில் மிக அரிதாகவே அவ்வாறு நடந்திருக்கிறது.