பழைய ராலே சைக்கிள் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை காலையில திருச்சியிலிருந்து முக்கொம்புக்கு சைக்கிள் மிதிக்கிற ஆளா நீங்க? கியர் சைக்கிள்களுக்கு நடுவுல கறுப்பா, நிமிர்ந்த ஹேண்டில்பாரோட ஒரு பழைய ராலே போனா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. உடனே நமக்கும் ஒண்ணு வாங்கணும்னு ஆசை வரும். அந்த ஆசையில அவசரப்பட்டா, புது பெயின்ட் அடிச்ச சாதாரண சைக்கிளை 'இங்கிலாந்து மாடல்'னு நம்பி பணத்தை இழக்க வாய்ப்பிருக்கு. எதையெல்லாம் பார்த்து வாங்கணும்? வாங்க பார்க்கலாம்.

எந்த ஊர் ராலே?

ராலே கம்பெனி 1880-களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்துல தொடங்கினது. ஆனா, நம்ம ஊர்ல ஓடின ராலே எல்லாமே கப்பல்ல வந்ததுன்னு நினைச்சுடாதீங்க. 1950-களிலிருந்து மேற்கு வங்கத்தின் அசன்சோலில் சென்-ராலே கம்பெனி இங்கேயே தயாரிச்சது. அதேபோல ஹெர்குலிஸ் பேர்ல வந்த சைக்கிள்களை சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிச்சது. இந்தியத் தயாரிப்புங்கிறதால மட்டமில்லை. ஆனா, இங்கிலாந்து வண்டிக்கான விலையை அதுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பேட்ஜை மட்டும் நம்பாதீங்க

ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கிற பேட்ஜ்ல கொக்கு மாதிரி ஒரு பறவை இருந்தா அது ராலேவோட அடையாளம். ஆனா, பேட்ஜைக் கழற்றி வேற வண்டியில மாட்டுறது ரொம்ப ஈஸி. அதனால இன்னும் மூணு இடத்தைப் பாருங்க.

முதல்ல பல்சக்கரம். பழைய ராலேவில் அதிலேயே பறவை உருவம் வெட்டியிருக்கும். ஹம்பர்னா ஓடுற மனுஷங்க உருவம், ரட்ஜ்னா கை உருவம். இந்த ரெண்டு கம்பெனியுமே பின்னாடி ராலேகிட்ட போனவைதான். அதனால ராலே ஃபிரேம்ல ரட்ஜ் கை இருந்தா, எங்கேயோ பார்ட்ஸ் மாறியிருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது, ஃபோர்க்கோட தோள்பட்டை. ராலேவில் அது உருண்டையா, ரெண்டு பக்கமும் நிக்கல் அல்லது குரோம் மூடி போட்ட மாதிரி இருக்கும்.

மூணாவது, ஸ்போக்ஸ் கம்பிகளை எண்ணுங்க. பழைய ரோட்ஸ்டர்களில் முன் சக்கரத்துல 32, பின் சக்கரத்துல 40 இருக்கும். ரெண்டுலயும் 36 இருந்தா, சக்கரம் மாத்தினதான்னு கேளுங்க.

வயசு என்ன?

பின் சக்கரத்துல மூணு கியர் ஹப் இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்போட உடம்புலேயே எண்கள் பதிச்சிருக்கும். கிரீஸைத் துடைச்சுட்டுப் பாருங்க. 'ஏ.டபிள்யூ' எழுத்துகளோட 62, 5-ன்னு இருந்தா, அது 1962 மே மாசத்து ஹப். ஆனா, இது ஹப்போட வயசுதான். சக்கரம் மாறியிருந்தா வண்டியோட வயசு வேற. சீட்டுக்குக் கீழே ஃபிரேம்ல அடிச்சிருக்கிற நம்பரை வெச்சு மட்டும் வருஷம் சொல்றவங்களை அப்படியே நம்பிடாதீங்க.

உடம்பு நேரா இருக்கா?

துருவைக்கூட சரி பண்ணிடலாம். வளைஞ்ச ஃபிரேம்தான் ஆபத்து. ஹேண்டிலுக்குக் கீழே ரெண்டு பாரும் சேர்ற இடத்துல, அடிப்பக்கமா விரலை வெச்சுத் தடவுங்க. சின்ன மடிப்போ, மேடோ தட்டுப்பட்டா, வண்டி முன்னாடி எங்கேயோ மோதியிருக்குன்னு அர்த்தம். புது பெயின்ட் கண்ணை ஏமாத்தும், விரலை ஏமாத்தாது.

அடுத்தது நூல் டெஸ்ட். பின் சக்கரம் மாட்டுற இடத்துல ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னாடி ஹேண்டில் குழாயைச் சுத்தி, அடுத்த பக்கம் இழுத்துக் கட்டுங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்.

பிறகு ரெண்டு பெடல் கிராங்க்கையும் பிடிச்சு ஆட்டுங்க. ஒண்ணு மட்டும் ஆடினா காட்டர் பின் தேய்ஞ்சிருக்கு. மலிவா முடிஞ்சுடும். ரெண்டும் சேர்ந்து ஆடினா உள்ளே பால்ஸ், கப்னு வேலை இருக்கு. நாட்டிங்ஹாம் ராலேவில் அந்த கப்போட மரை அங்குலத்துக்கு 26. மத்த பல இங்கிலாந்து சைக்கிள்களில் 24. அதனால அதே அளவு கிடைக்குமான்னு மெக்கானிக்கிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க.

ஓட்டிப் பார்க்காம வாங்காதீங்க. ஜீயபுரம் வழியா முக்கொம்பு போற ரோடு சமதளம். அதுல எந்த வண்டியும் நல்லா ஓடுற மாதிரிதான் தெரியும். பாலத்து ஏத்தத்துல ஏறி இறங்குங்க. ஏறும்போது செயின் நழுவுதா, இறங்கும்போது கம்பி பிரேக் பிடிக்குதான்னு அங்கதான் தெரியும்.

'பிரெஞ்சு ரேஸ் சைக்கிள்'னு சொன்னா?

பாண்டிச்சேரியில கிடைச்சதுன்னு சொல்லி வளைஞ்ச ஹேண்டில்பார் வெச்ச பெஜோ மாதிரியான வண்டியை யாராவது காட்டினா, கூடுதல் கவனம் தேவை. 1882-லிருந்து சைக்கிள் தயாரிச்ச கம்பெனி அது. சிங்கம்தான் அடையாளம். பெஜோவோட பி.எக்ஸ்-10 மாடலும், ரெனால்ட்ஸ் 531 குழாய் ஸ்டிக்கரும் உலகம் முழுக்க மதிக்கப்படுறவை. பெடல்ல 'டி', 'ஜி'ன்னு பிரெஞ்சுல வலது, இடது குறிச்சிருக்கலாம்.

சிக்கல் எங்கன்னா, பழைய பிரெஞ்சு வண்டிகளோட அளவுகளே தனி. பெடல் மரை 14 மி.மீ., ஹேண்டில் ஸ்டெம் 22 மி.மீ. நம்ம கடைகள்ல கிடைக்கிற ஸ்டெம் 22.2 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனா உள்ளே போகாது. சிம்ப்ளெக்ஸ் பிளாஸ்டிக் கியர்னா விரிசல் இருக்கான்னு பாருங்க. பார்ட்ஸ் கையில இல்லாத பிரெஞ்சு வண்டி, சுவத்துல மாட்டத்தான் ஆகும்.

விலையை எப்படி முடிவு பண்றது?

ஒரு சின்ன கணக்கு. கடையில ஒரு புது ரோட்ஸ்டர் என்ன விலைன்னு விசாரிங்க. நீங்க பார்க்கிற பழைய வண்டி அப்படியே ஓடும், ஆனா விசேஷ பார்ட்ஸ் எதுவும் இல்லைன்னா, அந்த விலைக்குக் கீழேதான் பேசணும். டயர், ட்யூப், பால்ஸ், கோட்டம் எடுக்கிறது, ஓவராயில்னு ஆகுற செலவை மெக்கானிக்கிட்ட கேட்டு அதையும் கழிங்க. பழைய பெயின்ட், ஒரிஜினல் பல்சக்கரம், முழு செயின் கவர், ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப், டைனமோ ஹப், வெடிக்காத ப்ரூக்ஸ் தோல் சீட் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் விலையைக் கூட்டலாம். பளபளன்னு புதுசா அடிச்ச பெயின்ட்டுக்கு மட்டும் கூட்டாதீங்க. பழைய எழுத்தும் கோடும் போச்சுன்னா அது திரும்ப வராது.

சைக்கிளுக்கு ஆர்.சி. புக் கிடையாது. அதனால திருட்டு வண்டி உங்க தலையில விழாம இருக்க, விற்கிறவர் பேர், ஃபிரேம் நம்பர், தேதி, தொகை எழுதி ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிடுங்க.

கடைசியா ஒண்ணு. ஸ்ரீரங்கத்துலயோ உறையூர்லயோ ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில நிக்கிற வண்டியை நீங்க பார்க்கலாம். பழைய இரும்பு விலைக்குக் கொடுக்க அவர் தயாரா இருப்பார். மேலே சொன்ன அடையாளமெல்லாம் அதுல இருந்தா, அதை அவர்கிட்ட சொல்லிட்டு நியாயமான விலையைக் கொடுங்க. அதை யார் வாங்கினது, எத்தனை வருஷம் ஓட்டினாங்கன்னும் கேட்டு வெச்சுக்கோங்க. ஹப்புல பதியாத விவரம் அது.