மணல்நிறக் களத்தின் வரலாறு

மதிலை வளைத்தோர் உழிஞை சூடினர். உள்ளிருந்து காத்தோர் நொச்சி சூடினர். தொல்காப்பியம் முற்றுகைப் போர் முழுவதையும் உழிஞைத் திணையில் அடக்கிற்று. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாக வகுத்தது. இப்பாகுபாட்டைத் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்கும்போது, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் அதனை வேறொரு பெயரால் முன்னரே அறிந்திருத்தல் கூடும். அவன் அறிந்த அரணின் பெயர் 'டஸ்ட் 2'. கணினித் திரைக்கு வெளியே எங்கும் இல்லாத ஊர் அது. ஆயினும் பூச்சோங் வட்டாரத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டி வளர்ந்த இளைஞர் பலர், தாம் குடியிருந்த தெருவினும் அவ்வூரின் சந்துகளை நன்கறிவர் என்றால் அது மிகையாகாது.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 1998-இல் 'ஹாஃப்-லைஃப்' என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. வியட்நாமிய வழிவந்த கனடியரான மின் லீ என்பவரும் ஜெஸ் கிளிஃப் என்பவரும் அதனை மாற்றியமைத்து 1999-இல் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' என்னும் புதிய விளையாட்டை உருவாக்கினர். ஆடுவோன் போர்வீரனின் கண்வழியே களத்தைக் காண்பான். ஓரணி குறித்த இடத்தில் வெடிகுண்டு வைக்க முயலும்; மற்றோரணி அதனைத் தடுக்கும். இதற்கான களங்களை ஆர்வலர்கள் பலர் ஊதியம் கருதாது வரைந்தளித்தனர். அவர்களுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஜான்ஸ்டன். அப்போது அவர் பதின்பருவத்தைத் தாண்டாதவர்.

அக்காலத்தில் வால்வ் நிறுவனம் 'டீம் ஃபோர்ட்ரெஸ் 2' என்னும் விளையாட்டை ஆயத்தம் செய்து, அதன் படங்கள் சிலவற்றை வெளியிட்டிருந்தது. வெயில் காயும் பாலைநில ஊர் ஒன்று அவற்றில் தோன்றிற்று. அப்படங்களில் உள்ளம் பறிகொடுத்த ஜான்ஸ்டன், அதே சாயலில் 1999-இல் 'டஸ்ட்' என்னும் களத்தைப் படைத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் முன்மாதிரியாகக் கொண்ட விளையாட்டு 2007-இல்தான் வெளிவந்தது; அதுவும் முற்றிலும் வேறு தோற்றத்தோடு. மூலம் கைவிடப்பட்டது, அதன் நிழலோ இன்றளவும் நிற்கிறது.

2001 மார்ச்சில் 'டஸ்ட் 2' வந்தது. அதன் அமைப்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மேலிருந்து காண்பார்க்கு அதன் வழிகள் 8 என்னும் எண்ணைப் போல் பின்னிக் கிடக்கும். தாக்குவோர் ஒரு முனையில் தொடங்குவர். எதிர்முனையின் இரு மூலைகளில் 'ஏ', 'பி' என்னும் காப்பிடங்கள் உள்ளன. காப்போர் அவற்றிற்கு இடையில் நிற்பர். ஒரு புறம் நீண்ட திறந்த வீதி. மறுபுறம் இருண்ட சுரங்கவழி. நடுவே சரிந்திறங்கும் பாதையும் அதன் கோடியில் இரட்டைக் கதவும். அக்கதவுகளுக்கு இடையே சிறு இடைவெளி ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கிய சில நொடிகளில் காப்போர் அவ்விடைவெளியைக் கடந்தோடுவர். மறுமுனையில் குறிபார்த்து நிற்பவன் அந்நொடிக்காகவே காத்திருப்பான். நீண்ட வீதியில் இரு அணியினரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எதிர்ப்படுவர். தூரமும் நேரமும் இவ்வாறு நிறுத்தளந்து வைக்கப்பட்டமையே இக்களத்தின் உயிர். பாதி ஆட்டத்தில் அணிகள் இடம் மாறும், உழிஞையார் நொச்சியாராவர். சடுகுடு ஆடியவர்க்கு இது புதிதன்று. பாடிவருவதும் பிடிப்பதும் அங்கும் மாறிமாறியே வரும்.

இக்களம் பிறந்த காலத்தில் பூச்சோங் உருமாறிக்கொண்டிருந்தது. பால்மரத் தோட்டங்களும் ஈயக்குட்டைகளும் நிறைந்த நிலம் அது. கின்றாரா, காசல்பீல்டு முதலிய பெயர்கள் தோட்டப் பெயர்களாகவே முதலில் வழங்கின. 1996-இல் ஐஓஐ பேரங்காடி திறக்கப்பட்டது. 1999-இல் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை வந்தது. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல அடுக்குமாடிகளில் குடியேறின. தோட்டத்தில் கோயிலும் பள்ளியும் இருந்ததுபோல் ஒரு திடலும் இருந்தது. மாலையில் அங்கே பந்தாட்டம் நடந்தது. அடுக்குமாடியின் கீழே கார்கள் நின்றன.

கடைவீடுகளின் மாடிகளில் சைபர் கஃபேக்கள் பெருகிய காலமும் அதுவே. மணிக்கு இரண்டு மூன்று ரிங்கிட் கொடுத்தால் ஒரு நாற்காலி கிடைக்கும். கணினிகள் ஒரே அறைக்குள் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தமையின் நண்பரும் பகைவரும் அருகருகே அமர்ந்தாடினர். தமிழ், சீன, மலாய்ப் பிள்ளைகள் ஓரணியாய் நின்று, 'லாங்', 'மிட்', 'டன்னல்' எனக் கூவினர். பள்ளிச் சீருடையுடன் உள்ளே வரலாகாது என்று வாயிலில் எழுதித் தொங்கவிட்டிருந்தமையே, சீருடையுடன் வந்தோர் உண்டு என்பதற்குச் சான்று. பெற்றோரின் கவலையும் ஆசிரியரின் சினமும் பொருளற்றவை அல்ல. வகுப்பைத் துறந்தவர் இருந்தனர். உறக்கத்தைத் துறந்தவர் அவரினும் மிகுதி. ஆயினும் ஆடத் திடலில்லாத ஊரை அமைத்துவிட்டு, ஆடிய இடத்தைக் குறைகூறுவது நேர்மையாகாது. அக்குற்றத்தில் பாதி பெரியோருடையது.

களத்தின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 2004-இலும் 2012-இலும் புதிய பதிப்புகள் வந்தன; ஒவ்வொன்றிலும் சுவர்களின் பூச்சும் ஒளியும் மாறின. 2017 பிப்ரவரியில் போட்டிக்குரிய களங்களின் பட்டியலிலிருந்து 'டஸ்ட் 2' நீக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் புதுக்கப்பெற்று, 2018 ஏப்ரலில் மீண்டும் பட்டியலில் இடம்பெற்றது. 2023 செப்டம்பரில் 'கவுண்டர்-ஸ்ட்ரைக் 2' வெளிவந்தபோதும் உடன் வந்தது. இத்தனை மாற்றத்திலும் வழிகளின் வடிவம் பெரிதும் மாறவில்லை. 2003-இல் மாடியறையில் ஆடிய சிறுவன் இன்று நாற்பதை நெருங்கிய தந்தையாக அதன்முன் அமர்ந்தாலும், அவன் விரல்கள் கேளாமலே இரட்டைக் கதவை நோக்கிச் செல்லும்.

காசல்பீல்டு என்னும் பெயரை இன்று ஒரு தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. ஜான்ஸ்டன் தம் களத்தை எவ்வாறு வரைந்தார் என்பதைத் தாமே எழுதி வைத்துள்ளார். தோட்டத்தின் பெரட்டுக்களம் எங்கிருந்தது, லயங்கள் எத்திசை நோக்கி நின்றன, திடலுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை எங்கே திரும்பிற்று என்று கேட்டால், முதியவர் சிலர் தேநீர் மேசையின்மேல் விரலால் வரைந்து காட்டுவர்.