ஐந்நூறு ரூபாய்க்குள் வளர்ந்த பிள்ளைகள்

ஜீவனாம்சம் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. அம்சம் என்றால் பங்கு. பங்கு என்றால் விளைச்சல் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். வெள்ளைக்காரர்கள் எழுதிய சட்டமோ அதை ரூபாயாக மட்டும் பார்த்தது, மேலே ஒரு மூடியும் போட்டது.

1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவு இதுதான்: வசதியிருந்தும் பிள்ளையைக் கவனிக்காத தகப்பனை மாதம் 50 ரூபாய் வரை கட்டச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பிள்ளை முறைப்படி மணந்தவளுக்குப் பிறந்ததா இல்லையா என்பது பொருட்டல்ல. பணம் வராவிட்டால் வாரண்ட். அதற்கும் மசியவில்லையென்றால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. திருட்டையும் அடிதடியையும் விசாரிக்கும் சட்டத்தில் சோற்றுக் கணக்குக்கு என்ன வேலை? முந்தைய 1872 சட்டத்தை வடித்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனிடம் இதற்கு விளக்கம் இருந்தது. கைவிடப்பட்டவர்கள் தெருவுக்கு வந்து அலைவதைத் தடுக்கும் ஏற்பாடு அது. பிள்ளைப் பாசத்தைவிட ஊர் அமைதிதான் அரசுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்து வந்த 489-ஆவது பிரிவு சின்னது, ஆனால் விவரமானது. கொடுப்பவர், பெறுபவர் இருவரில் யாருடைய நிலைமை மாறினாலும் தொகையை மாற்றலாம் என்றது அது. சம்பளம் ஏறினால் தாய் மனுப் போடலாம், வேலை போனால் தகப்பன் போடலாம். ஆனால் எவ்வளவு கூட்டினாலும் அந்த மூடியைத் தாண்டக் கூடாது. கதவைத் திறந்துவிட்டு நிலையைத் தாழ்வாக வைத்த கதை.

மூடி அவ்வப்போது உயர்ந்தது. 1923-இல் 100 ரூபாய், 1955-இல் 500 ரூபாய். அதற்குப் பின் அப்படியே நின்றுவிட்டது. 1973-இல் புதிய சட்டம் வந்தது, 488 என்பது 125 ஆனது, 489 என்பது 127 ஆனது, 500 மட்டும் 500 ஆகவே இருந்தது. 1955-இல் அந்தப் பணத்துக்கு ஏழு சவரனுக்கு மேல் தங்கம் கிடைத்திருக்கும். 2001-இல் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும்.

அந்த 500-உம் ஆளுக்கா, குடும்பத்துக்கா? மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எல்லாம் சேர்த்தே 500-தான் என்று கணவன் தரப்பு வாதிட்ட வழக்கு 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 'மொத்தத்தில்' என்று சட்டம் சொல்வது ஒருவருடைய சாப்பாடு, துணி, படிப்பு எல்லாச் செலவுக்குமான மொத்தம், தலைகளின் மொத்தம் அல்ல என்று தீர்த்துவைத்தார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஒரே ஒரு சொல்லை அவர் படித்த விதத்தில் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று தனிக் கணக்குகள் பிறந்தன.

ஒருவழியாக 2001 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தம் மூடியை எடுத்து எறிந்தது. வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் தரவும், அந்த மனுவைக் கூடுமானவரை 60 நாளில் முடிக்கவும் வழி செய்தது. வாய்தா மேல் வாய்தா வாங்கிப் பழகிய நம் நீதிமன்றங்களில் 60 நாள் என்பது ஆசை என்றே சொல்ல வேண்டும்.

மூடி போனதும் சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்தது: உண்மையில் வருமானம் எவ்வளவு? உத்தரப் பிரதேசத்தில் ஒரு பெண் 1998-இல் போட்ட மனுவுக்கு 2012-இல்தான் குடும்பநல நீதிமன்றம் மாதம் 4,000 ரூபாய் என்று தீர்ப்புச் சொன்னது. ராணுவத்தில் இருந்த கணவர் அதே ஆண்டு ஏப்ரலில் ஓய்வு பெற்றார். ஓய்வைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றம் தொகையை 2,000 ஆக்கியது. 2015-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி 4,000 ஆக்கியது. ஓய்வு பெற்றதாலேயே பாதியாகக் குறைத்ததை அது ஏற்கவில்லை. வருமானம் குறைந்ததாகச் சொல்பவர் அதைக் காட்டியாக வேண்டும்; மனுப் போடாமல் தானாகவே பணத்தை நிறுத்தினால் பாக்கிதான் ஏறும்.

காட்டுவது எப்படி என்பதற்கு 2020 நவம்பர் 4-ஆம் தேதித் தீர்ப்பு ஒன்று படிவமே வகுத்தது. இரு தரப்பும் சொத்து, கடன், சம்பளம், வங்கிக் கணக்கு, பிள்ளையின் படிப்புச் செலவு என எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுக்க வேண்டும். விவசாயக் குடும்பத்துக்குத் தனிப் படிவம், தாய்வழி மரபுள்ள மேகாலயாவுக்கு இன்னொன்று. வழக்கு நடக்கும்போது வரவு மாறினால் கூடுதல் பிரமாணமும் தரலாம். 2024 ஜூலையில் சட்டத்தின் பெயரே மாறி, தொகையை மாற்றும் பிரிவு இப்போது 146 ஆகியிருக்கிறது.

அந்த 2020 தீர்ப்புக்கு மூலமான வழக்கு நாக்பூர் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கியது. அங்கே மகனுக்கான இடைக்காலத் தொகையை நீதிபதி எழுதிய விதம் கவனிக்கத் தக்கது: 2013 செப்டம்பர் 1 முதல் 2015 ஆகஸ்ட் 31 வரை மாதம் 5,000 ரூபாய், மறுநாளிலிருந்து 10,000. உயர்வு கேட்டு இன்னொரு மனு, இன்னொரு வக்கீல் பீஸ் என எதுவும் வேண்டாம். பையன் வளர்வான் என்பதை உத்தரவே தேதி போட்டு எழுதிவைத்திருந்தது.