கரைக்கு இட்ட உரம்

1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பரப்பிலே எக்ஸான் வால்டீஸ் என்னும் கப்பல் பிளை பாறைத்திட்டில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைச் சமுத்திரத்தில் கொட்டிற்று. கரையைச் சுத்தி செய்யப் புகுந்தோர் சுடுநீரைப் பீய்ச்சியதில், பாறையை அண்டி வாழ்ந்த மட்டிகளும் பாசிகளும் வெந்து மாண்டன, பரிகாரமே பாதகமாயிற்று. எண்ணெயில் கரிச்சத்து மிகுந்திருப்பினும், நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதிய அளவு இல்லாமையால், அதனை உண்ணவல்ல பாக்டீரியாக்கள் அக்கடலிலேயே அநாதிகாலமாக வசித்தும் வேண்டுமளவு பெருகமாட்டாது நின்றன என்பதை அறிந்த விஞ்ஞானிகள், அவ்வாண்டுக் கோடையில், குடியானவன் வயலுக்கு இடுவதைப்போலக் கூழாங்கற் கரைக்கு உரமிட்டனர். சில வாரங்களில் உரமிட்ட பகுதி, கறுப்புச் சீலையில் சதுரமாக வெட்டியெடுத்த சாளரம்போல வெளுத்துத் தோன்றிற்று. கற்களுக்கு அடியில், பிராணவாயு எளிதில் புகாத இடத்தில் தங்கிய எண்ணெயோ, பல்லாண்டு கழித்துத் தோண்டியபோதும் அங்கங்கே கிடைத்தது.