பார் கவுன்ட்டருக்குப் பின்னால் யார் நிற்கலாம்?

ஓட்டல் மேனேஜ்மென்ட் படிப்பில் மது பரிமாறுவதும் ஒரு பாடம். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில்தான் அதைக் கற்றார்கள். ஆனால் டெல்லியில் அப்படிப் படித்த பெண் ஒரு பாரில் வேலைக்குச் சேர முடியாமல் இருந்தது. கூடப் படித்த பையனும் 25 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1914-ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டம், 30-வது பிரிவு அப்படிச் சொன்னது. சம்பளமே கொடுக்காமல் நிறுத்தி வைத்தாலும் குற்றமாக இருந்தது.

வெள்ளைக்காரன் போட்ட இந்தச் சட்டம் டெல்லியில் சுதந்திரத்துக்குப் பின்னும் அரை நூற்றாண்டு தாண்டி நின்றது. பம்பாயிலோ 1981-லேயே ஷத்பி பாசு பார் கவுன்ட்டருக்குள் நுழைந்து, நாட்டின் முதல் பெண் பார்டெண்டர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

ஓட்டல் சங்கம் வழக்குப் போட்டது. 2006-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பெண்கள் மீதான தடையை ரத்து செய்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் டெல்லிக் குடிமக்கள் சிலர். அவர்களில் ஒருவரின் பெயரால் அனுஜ் கார்க் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். 2007 டிசம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்ணின் வேலையைப் பறிப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவள் அச்சமின்றி வேலை செய்யும் சூழலை உண்டாக்குவது அரசின் கடமை என்றது.

ஓட்டல் வேலை எட்டாமல் இருந்தது பெண்களுக்கு மட்டுமல்ல, மாற்றுத்திறனாளிகளுக்கும்தான். அதே 2007-ல் லெமன் ட்ரீ ஓட்டல்கள் காது கேளாத, வாய் பேசாத ஊழியர்களை எடுக்கத் தொடங்கின. அதற்கு எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: அறையைச் சுத்தம் செய்வதில் எத்தனை படிகள், எந்தப் படிக்குப் பேச்சு தேவை, எதற்குத் தேவையில்லை. மற்ற ஊழியர்கள் சைகை மொழி கற்றார்கள். பின்னால் டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ளவர்களும் வேலைக்கு வந்தார்கள். 2017-ல் ஹுப்பள்ளியில் அலீனா ஆலம் தொடங்கிய மிட்டி கஃபே இன்னும் ஒரு படி மேலே போய், மாற்றுத்திறனாளிகளையே கல்லாவிலும் அடுப்படியிலும் நிறுத்தியது. 2023-ல் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு ஒரு கிளை திறந்தது.

சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமே இல்லை. அறிவுசார் குறைபாடு பட்டியலில் இருந்தும் வேலை ஒதுக்கீட்டில் இடம் பெறவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தையும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாட்டையும் சேர்த்து, ஒதுக்கீட்டை 3-லிருந்து 4 சதவீதமாக்கியது. ஆனால் அது அரசு வேலைக்கு மட்டும். ஓட்டல்களில் பெரும்பாலானவை தனியார் கையில்.

ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழ் வேண்டும். ஆனால் பெண்பிள்ளைகளிடம் ஆட்டிசத்தைக் கண்டுபிடிப்பதே குறைவு. அடக்கமான பிள்ளை, கூச்ச சுபாவம் என்று வீடும் பள்ளியும் விட்டுவிடுகின்றன. அப்படிச் சான்றிதழ் இல்லாமல் வளர்ந்த பெண், ஓட்டல் நேர்காணலில் மற்றவர்களோடு ஒருத்தியாகத்தான் உட்கார வேண்டியிருக்கிறது. அங்கே கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளா, சிரித்த முகமாக இருக்கிறாளா என்பதற்கும் மதிப்பெண் உண்டு.