சாந்தோம் கரையில் கற்ற பாடம்

மலர்க் குழுத் தம்பிகள் "ஏதாவது வரலாறு எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். கோட்டை, கல்வெட்டு பற்றியெல்லாம் எழுத எனக்குத் தெரியாது. நம் சாந்தோம் கரையில் கண்ணால் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. அதையே எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட பூகம்பத்தால் எழுந்த அலை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழித்து நம் கரைக்கு வந்து சேர்ந்தது. சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம் வீடுகளுக்குள் கடல் புகுந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அதில் பெரும்பகுதி நாகை மாவட்டம்.

பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து சாப்பாடும் போர்வையும் கொண்டுபோனோம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், "அழாதீங்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். அந்த அம்மா நிமிர்ந்து, "இன்னா சார் சரியாப் போவும்? எம் புள்ள வந்துடுமா?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. பக்கத்து வீட்டு ஆயா ஒருவர் எதுவும் பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் அந்தத் தாய் மனம்விட்டு அழுதார்.

சில வாரங்களில், தொண்டர்களுக்கு நடந்த ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே சொல்லித் தந்ததும் அந்த ஆயா செய்ததும் ஒன்றாகவே இருந்தன: அழவிடு, குறுக்கே பேசாதே, கதையைத் தோண்டாதே, உறவோடு சேர்த்து வை, கைக்கு ஒரு வேலை கொடு. வாரக்கணக்கில் தூக்கமில்லாதவர், குடியில் மூழ்கியவர், சாவைப் பற்றியே பேசுபவர் ஆகியோரை மட்டும் டாக்டரிடம் அழைத்துப் போ.

இந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பின் அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி தரப்பட்டது. 1999 ஒடிசா புயல், 2001 குஜராத் பூகம்பம் இவற்றுக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் ஊர்த் தொண்டர்களையே பழக்கினார்கள். சுனாமிக்குப் பின் அதே வழி தமிழகத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் இதைக் கற்பித்தார்கள். காரணம் எளிது: மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு, துயரப்பட்டவர்களோ லட்சக்கணக்கில். 2007-இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டு நெறிகளும் ஊராரின் சொந்த பலத்தையே அடித்தளமாக வைத்தன.

2005 மார்ச் 28 இரவு சுமத்ராவில் மறுபடி பூகம்பம். "கடல் வருது!" என்று குப்பமே ரோட்டுக்கு ஓடி வந்தது. பயிற்சி பெற்ற பெண்கள் நாலைந்து பேர் குழந்தைகளை ஒன்றாக உட்கார வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் தாயிடம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பாதி அழுகை அடங்கியிருந்தது. எங்களைப் போன்றவர்கள் விடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவோம்; அவர்கள் அங்கேயே இருப்பவர்கள். பயிற்சியை ஏன் அவர்களுக்குத் தர வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்தத் தாயிடம் நான் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற முடியாது. இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, வெள்ளமோ புயலோ வந்தால் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கட்டாயம் போங்கள். போனதும் முதலில், "இங்கே எல்லாரும் யார்கிட்ட மனசுவிட்டுப் பேசுவீங்க?" என்று கேளுங்கள். அவரைத் தேடிப் பிடித்து, அவருக்குத் துணையாக நில்லுங்கள்.